முடியாத ஃபைலுக்கு முடிவு!

பூட்டில் இரண்டு வகை உண்டு. சாவி தொலைந்த பூட்டு ஒன்று. பூட்டியது யாரென்றே தெரியாத பூட்டு இன்னொன்று. முதல் வகைக்கு ஒரு சுத்தியல் போதும். இரண்டாவதற்கு ஒரு ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ் கிளார்க் வேண்டும். எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

அடியேன் வேலை பார்ப்பது கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில், பெயிண்டிங், சாரம் கட்டுதல் எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில். வாசலில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போர்டு தொங்கும். பிரைவேட் என்பது முதலாளியின் ஏ.ஸி. ரூம், லிமிடெட் என்பது எங்கள் சம்பளம். (கம்பெனி பெயர் வேண்டாம். இன்க்ரிமென்ட் பாக்கி இருக்கிறது.)

எங்கள் முதலாளிக்குக் காகிதம் என்றால் ஒரு தனிப் பயம். காரணமில்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26. அன்றைக்கு அவர் ஆபீஸ் என்பது சதுரங்கப்பட்டினம் கடலோரத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். சுனாமி வந்து போன பிறகு ஆள் பிழைத்தார்; பில் புத்தகங்கள் பிழைக்கவில்லை. "உசிரே போனவங்க ஊர்ல இருக்காங்க, பில்லு என்னய்யா பெரிய பில்லு" என்பார். ஆனால் அந்த வருடம் யார் எவ்வளவு தரவேண்டும் என்று காட்ட ஒரு தாள் இல்லாமல், சாரம் கட்டிய ஆட்களுக்குக் கூலி கொடுக்க மனைவியின் வளையலை அடகு வைத்த கதையை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

அதனால், கம்ப்யூட்டரில் ஷேர்பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது, ஃபைலெல்லாம் எங்கேயோ பத்திரமாக இருக்கும், கடல் தொட முடியாது என்று கேள்விப்பட்டதும் உடனே சந்தா கட்டிவிட்டார். இதில் 'டாக்குமென்ட் லைப்ரரி' என்று ஒரு பொது இடம். பில், டெண்டர், அளவுக் குறிப்பு, லேபர் லிஸ்ட், ஆபீஸ் டீக் கணக்கு எல்லாம் அதில்தான். அவரவர் சீட்டில் உட்கார்ந்தபடியே திறக்கலாம், திருத்தலாம். லைப்ரரி என்றாலும் தூங்கி வழிகிற லைப்ரேரியன் கிடையாது. அந்த வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

* * *

2024 மார்ச் 28, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. அப்புறம் சனி, ஞாயிறு. ஞாயிறோடு நிதியாண்டு காலி. அதாவது, அன்று மாலை 5 மணிக்குள் எங்கள் பில் போய்ச் சேராவிட்டால் பணம் அடுத்த வருஷக் கணக்குக்குத் தாவிவிடும். சாரம் கட்டுகிற 40 பேருக்குச் சனிக்கிழமை கூலி.

மத்தியானம் 2 மணிக்கு ஒரு போன். "சார், மூணாவது ஐட்டத்துல 1,240 சதுர மீட்டர்னு அளந்தோம். நீங்க 1,420 போட்டிருக்கீங்க. திருத்தி வைங்க. அதே ஃபைலைத்தான் நாங்க எடுப்போம்."

இரண்டு இலக்கம் இடம் மாறியதில் 180 சதுர மீட்டர் சுவர் முளைத்துவிட்டது! டைப் செய்தவர் யார் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். (அடியேன்தான்.)

அரை நிமிஷ வேலை என்று ஃபைலைத் திறந்தேன். திறந்தது. எண்ணைத் தட்டினேன். ஊஹூம். 'படிக்க மட்டும்' என்றது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படம், வரதட்சிணையில் வந்த சீர் மாதிரி புத்தம் புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் ஒரு ஃபைல் பூட்டிக்கொண்டால் முதலில் நடப்பது என்ன? ஆள் பிடிப்பது. "யாருப்பா ஃபைலைத் திறந்து வெச்சுட்டு சாப்பிடப் போனது?" என்று நான் கத்த, ஸ்டோர்ஸ் கிளார்க் கையில் தயிர்சாதத்தோடு ஓடிவந்து, தான் ஒரு பாவமும் அறியாதவன் என்று சத்தியம் செய்தார். பாவம், அவர் கம்ப்யூட்டர் அன்று ஆன் கூட ஆகவில்லை.

சந்தேகம் நியாயமானதுதான். ஒருவர் வேர்டிலோ எக்ஸெலிலோ ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் அடுத்தவருக்குப் பூட்டிக்கொள்வது உண்டு. நடுவில் கரண்ட் போய் கம்ப்யூட்டர் படுத்தாலும் அந்தப் பூட்டு சற்று நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் காத்திருந்தால் தானாக விழுந்துவிடும். காத்திருந்தோம். பத்து, இருபதாயிற்று. விழவில்லை.

அடுத்த சந்தேகம், 'செக் அவுட்'. லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் போகிற மாதிரி ஒருவர் தன் பெயரில் ஃபைலை எடுத்து வைத்துக்கொள்வது. அதற்கு அடையாளம் வேறே: சின்ன அம்புக்குறி இருக்கும், எடுத்தவர் பெயரும் வரும். இங்கே அம்பும் இல்லை, பெயரும் இல்லை.

மூன்றாவது சந்தேகம்: என் பர்மிஷனையே பிடுங்கிவிட்டார்களோ? மார்ச் மாதத்தில் இந்தச் சந்தேகம் வந்தால் வயிற்றைக் கலக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முயன்றேன். பூட்டு. முதலாளி ரூமுக்குப் போய் அவர் பெயரிலேயே முயன்றேன். அவருக்கும் பூட்டு!

முதலாளிக்கே பூட்டு என்றதும் ஆபீஸில் ஒரு அமைதி. உள்ளூர ஒரு சந்தோஷம் கூட.

மணி 3.10. அப்போதுதான் எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டான். "விடுங்க சார். ஒரு காப்பி டவுன்லோடு பண்ணி, திருத்தி, 'ஃபைனல் 2'ன்னு பேர் வெச்சு ஏத்திடறேன்!"

* * *

"வேண்டாம் தம்பி."

குரல் மூலையிலிருந்து வந்தது. எங்கள் பார்ட்-டைம் கணக்குப் பிள்ளை. செங்கல்பட்டுப் பக்கம் தாலுகா ஆபீஸில் 30 வருடத்துக்கு மேல் உத்தியோகம், பாதி நாள் ரெக்கார்டு ரூமில். கம்ப்யூட்டரைக் கண்டால் சற்றுத் தள்ளியே உட்காருவார். எல்லோருக்கும் 'பெரியவர்'.

"ஒரு வேலைக்கு ரெண்டு பில்லு ஆயிடும். ஒண்ணுல 1,420, ஒண்ணுல 1,240. நாளைக்கு ஆடிட்ல எது நிஜம்னு கேட்டா உன் மூஞ்சியைக் காட்டுவியா?"

காட்டுகிற மாதிரி மூஞ்சி இல்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். "அந்தப் பூட்டு மேல என்னமோ எழுதியிருக்கே, படி" என்றார். ஃபைலின் விவரம் காட்டுகிற 'ஐ' பட்டனை அமுக்கினேன். வலது பக்கம் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் லேபிள் என்ற இடத்தில் 'ரெக்கார்டு - 8 இயர்ஸ்' என்று இருந்தது.

பெரியவர் சிரித்தார்.

"ரெக்கார்டுன்னா ரெக்கார்டு ரூமுக்குப் போயாச்சுன்னு அர்த்தம். எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் முடிஞ்சா அதுக்கு ஒரு முடிவு எழுதுவோம். ஓ.மு.ன்னா ஓராண்டு முடிவு. மூ.மு.ன்னா மூணு வருஷம். ப.மு.ன்னா பத்து வருஷம். நி.மு.ன்னா நிரந்தரம். அந்த எழுத்து விழுந்தாத்தான் ஃபைல் ரெக்கார்டு ரூமுக்குப் போகும். போனப்புறம் கலெக்டரே வந்தாலும் படிக்கலாம், ஒரு கமா மாத்த முடியாது. ஆனா ஒண்ணு தம்பி, முடிஞ்ச ஃபைலுக்குத்தான் முடிவு எழுதுவோம். முடியாத ஃபைலுக்கு யாருப்பா முடிவு எழுதினது?"

கேட்டீர்களா? ஒரு மணி நேரமாக நாங்கள் 'யார் திறந்து வைத்தது' என்று தேடிக்கொண்டிருந்தோம். அவர் 'யார் மூடி வைத்தது' என்று கேட்டார். கேள்வி மாறியதும் பதில் வந்துவிட்டது.

வாரம் ஒரு நாள் வருகிற சிஸ்டம் தம்பிக்கு போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரம். ஏதோ கல்யாணப் பந்தியில் இருந்தான்.

"ண்ணா, நான்தாண்ணா போட்டேன். போன சனிக்கிழமை. ஓனர்தான் எல்லாத்தையும் 8 வருஷம் பத்திரமா வைக்கச் சொன்னாரு."

"பத்திரமா வைக்கச் சொன்னாரா, பூட்டச் சொன்னாராப்பா?"

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்களாண்ணா?"

இந்தக் கேள்வியில்தான் ஐயா விஷயமே இருக்கிறது.

* * *

முதலாளி சொன்னது தப்பில்லை. கம்பெனிச் சட்டம் 2013, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தில், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் பதிய வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது. அரசு ஆபீஸ் வாசகர்களுக்கு விதி இன்னும் கடுமை. 1993-ம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டத்தின் கீழ் வருகிற மத்திய அரசு ஆவணத்தை முறையில்லாமல் அழித்தால் 5 வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 1892-க்கு முந்தைய காகிதம் என்றால், எதற்கும் உதவாதபடி சிதைந்து போயிருந்தாலொழியத் தொடவே கூடாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டாம். 1983-ல் இங்கே முதல் அணு உலை இயங்க ஆரம்பித்தது. அணு உலை விஷயத்தில் சில தாள்களை உலை இருக்கிற காலம் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். என்றைக்கோ வைத்த ஒரு வெல்டிங்கைப் பற்றி 30 வருஷம் கழித்து ஒருவர் கேட்பார். அப்போது பதில் சொல்லப்போவது வெல்டர் இல்லை; அவர் கையெழுத்துப் போட்ட காகிதம். அதைத் திருத்த முடியாமல் பூட்டி வைப்பது கெடுபிடி இல்லை, நியாயம்.

ஆகவே பூட்டு தப்பில்லை. பூட்டிய இடம்தான் தப்பு.

ஷேர்பாயிண்டில் ஒரு ஃபைலைக் காப்பாற்ற இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சும்மா 'வைத்திரு' என்பது. இதில் நீங்கள் பாட்டுக்குத் திருத்தலாம். பழைய பிரதியைப் பின்னால் ஒரு மறைவான இடத்தில் அதுவே எடுத்து வைத்துக்கொள்ளும். பூட்டு கிடையாது. இரண்டாவது, 'இது ரெக்கார்டு' என்று முத்திரை குத்துவது. குத்தியதும் பூட்டு. எங்கள் தம்பி லேபிள் தயாரிக்கும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டான். அதோடு விட்டானா? லைப்ரரி செட்டிங்ஸில் 'இங்கே வருகிற எல்லாவற்றுக்கும் இதே லேபிள்' என்று வைத்து, அதன் கீழே 'ஏற்கெனவே இருப்பவற்றுக்கும் ஒட்டு' என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டுவிட்டான்.

ஒரே ஒரு டிக்! பில், டெண்டர், பாதி எழுதிய லெட்டர் எல்லாவற்றுக்கும் எட்டு வருஷ ஜெயில்.

சனிக்கிழமை பூட்டியது வியாழன் வரை ஏன் தெரியவில்லை என்றால், அது வரை எல்லோரும் படித்தோமே தவிர யாரும் திருத்தவில்லை. இந்த வகைப் பூட்டின் குணமே அதுதான். கையை வைக்கிற அன்றைக்குத்தான் தெரியும். அதுவும் மார்ச் 28-ம் தேதியாகப் பார்த்து!

* * *

"இப்ப என்னடா பண்றது? மணி நாலு!"

"ண்ணா, லேபிளுக்குக் கீழே ரெக்கார்டு ஸ்டேட்டஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். லாக்டுன்னு இருக்கா? அதைத் தட்டுங்க. திருத்துங்க. மறக்காம திரும்பத் தட்டிப் பூட்டுங்க."

தட்டினேன். பூட்டுத் திறந்தது. அரை நிமிஷத்தில் 180 சதுர மீட்டர் சுவரை இடித்தேன். திரும்பப் பூட்டினேன். 4.12-க்கு போன் செய்து சொன்னேன். "சரி, எடுத்துட்டோம்" என்றார்கள். திருத்துவதற்கு முந்தைய 1,420 பிரதியும் பின்னால் பத்திரமாக இருக்கிறதாம். என் தப்பு எட்டு வருஷம் அழியாது.

முதலாளி ரூமை விட்டு வெளியே வந்து, "கூலி?" என்று மட்டும் கேட்டார். "போயிடுச்சு சார்" என்றேன். வேறொன்றும் பேசவில்லை. பெரியவருக்கு ஒரு டீ சொன்னார். அதிலிருந்தே அவர் மனசு தெரிந்தது.

அடுத்த வாரம் சிஸ்டம் தம்பியும் பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லைப்ரரியை இரண்டாகப் பிரித்தார்கள். 'நடப்பு' ஒன்று, அதில் ரெக்கார்டு லேபிள் கிடையாது. 'முடிந்தவை' இன்னொன்று, பணம் வந்து கணக்கு முடிந்த ஃபைல் மட்டும் அங்கே போகும், போனதும் பூட்டு. பழைய ஃபைல்களில் ஒட்டிய லேபிளை அட்மின் பெயரில் நுழைந்து ஒவ்வொன்றாகக் கிழிக்க வேண்டியிருந்தது. ஒட்டுவதற்கு ஒரு டிக், உரிப்பதற்கு இரண்டு நாள்.

உங்கள் ஆபீஸிலும் பூட்டு தொங்கினால் இந்த வரிசையில் பாருங்கள். பெயரோடு பூட்டியிருந்தால் அந்த ஆளைப் பிடியுங்கள், இல்லையேல் பத்து நிமிஷம் பொறுங்கள். அம்புக்குறி இருந்தால் செக் அவுட். எடுத்தவர் லீவில் இருந்தால் அட்மின் விடுவிக்கலாம். உங்களுக்கு மட்டும் பூட்டு, அடுத்தவருக்கு இல்லை என்றால் பர்மிஷன். முதலாளி வரை எல்லோருக்கும் பூட்டு, அதுவும் ஒரே லைப்ரரியில் எல்லா ஃபைலுக்கும் என்றால், யாரோ ரெக்கார்டு முத்திரை குத்தியிருக்கிறார்கள். விவரப் பட்டியலில் லேபிளைப் பாருங்கள். உங்கள் ஆபீஸில் பழைய ஷேர்பாயிண்ட் சர்வர் இருந்தால் லேபிளுக்குப் பதில் 'கம்ப்ளையன்ஸ் டீடெய்ல்ஸ்' என்ற இடத்தில் பாருங்கள். லைப்ரரி செட்டிங்ஸில் 'வந்தவுடனே ரெக்கார்டு ஆக்கு' என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'ரெகுலேட்டரி ரெக்கார்டு' என்று இன்னொரு முத்திரை உண்டு. அதைக் குத்திவிட்டால் ஸ்விட்ச் கிடையாது, அட்மின் கிடையாது, அழுதாலும் கிடையாது. காலம் முடிகிற வரை லேபிளை யாரும் எடுக்க முடியாது. அதனாலேயே அதைக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடிப்போய்த் திறந்துவிடாதீர்கள்.

பூட்டே வேண்டாம் என்று அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம். 2020 ஆகஸ்டில் கே.பி.எம்.ஜி. என்ற உலகப் பெரிய ஆடிட் நிறுவனத்தில், ஒரே ஒருவருக்காக இந்தக் காப்பு விதியை மாற்றப்போய், அது தவறுதலாக எல்லோருக்கும் பாய்ந்துவிட்டது. சுமார் 1,45,000 பேரின் டீம்ஸ் அரட்டை அழிந்தது. திரும்பக் கிடைக்கவில்லை. ஆடிட்டர் வீட்டிலேயே இந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

* * *

லேபிள் உரிக்கிற வேலை முடியப்போகிற சமயம், சிஸ்டம் தம்பி கூப்பிட்டான். "ண்ணா, டீக் கணக்குன்னு ஒரு ஃபைல் இன்னும் பூட்டியிருக்கு. திறந்துடட்டுமா?"

நான் தலையாட்டுவதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"அது மட்டும் அப்படியே இருக்கட்டும்ப்பா."

எட்டிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் அடியேன் பெயர். பாக்கி ரூ.140. இன்னும் எட்டு வருஷத்துக்கு!